புகையாத சுங்கான்

'புகைக்கப்படாதது' என்று ஒரு விளம்பரச் சொல் இருக்கிறது. கையால் செய்த பிரையர் மரச் சுங்கான்களைச் சேகரிக்கும் கனவான்களின் உலகத்தில் இதைக் காட்டிலும் உயர்ந்த புகழுரை கிடையாது. செய்தவன் கையை விட்டு வந்த நாள் முதல் ஒரு முறைகூட அதில் நெருப்பு வைக்கப்படவில்லை என்பது இதன் பொருள். இந்த ஒரு சொல்லால் விலை ஏறும். யாரோ ஒரு புண்ணியவான் ஒரே ஒரு தரம் அதில் புகையிலையை அடைத்துப் பற்ற வைத்துவிட்டான் என்று தெரிந்தால் அந்த விலை இறங்கும்! 'அரிசியே வேகாத பானை' என்று கூவிக்கொண்டு ஒருவன் தெருவில் வந்து, அதற்காகவே கூடுதலாக இரண்டு ரூபாய் கேட்டால், நம் வீட்டுப் பெண்கள் அவனை என்ன சொல்லி அனுப்புவார்கள்?

சுங்கான் என்றால் இன்று பலருக்குப் புரியாமல் போகலாம். 'பைப்' என்றால் உடனே புரியும். நம் ஊரில் அதற்கு ஓர் அடையாளம் ஏற்கெனவே உண்டு: பட்டு அங்கியோடு மாடிப்படியில் இறங்கி வந்து, மகள் ஏழையைக் காதலிப்பதை ஆட்சேபிக்கும் சினிமாப் பணக்காரர். அவர் வாயில் இருப்பது அதுதான். பெரும்பாலும் அதில் புகை வராது என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஒருவகையில் அவரும் சேகரிப்பவர்களின் கட்சிதான். பழைய மொழிபெயர்ப்பு நாவல்களில் இதைச் சுங்கான் என்று எழுதினார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, அதையே எழுதுகிறேன்.

என் ஆட்சேபம் என்ன என்று சொல்லுவதற்கு முன்னால் இந்த வஸ்து எப்படிப் பிறக்கிறது என்று சொல்லியாக வேண்டும். அது தெரிந்தால்தான் என் கோபத்தின் அளவு தெரியும்.

மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள வறண்ட குன்றுகளில் ஒரு புதர்மரம் வளர்கிறது. தாவர சாஸ்திரத்தில் அதன் பெயர் எரிக்கா ஆர்போரியா. இத்தாலியின் கலாப்ரியா, கோர்ஸிகா தீவு, கிரீஸ், அல்ஜீரியா, இங்கெல்லாம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 'ப்ரூயேர்' என்பார்கள். அது ஆங்கிலேயர் வாயில் விழுந்து 'பிரையர்' ஆயிற்று. இந்தச் செடியின் தண்டுக்கும் வேருக்கும் நடுவில், மண்ணுக்குள்ளே, ஒரு கட்டி வளர்கிறது. அந்தக் குன்றுகளில் அடிக்கடி காட்டுத்தீ மூளும். மேலே உள்ளதெல்லாம் கருகிச் சாம்பலாகும். மண்ணுக்குள் இருக்கும் இந்தக் கட்டி மட்டும் பிழைத்துக் கிடந்து மறுபடி துளிர்விடும். தீயில் பிழைப்பதற்கென்றே ஏற்பட்ட உறுப்பு என்று சொல்லலாம். அந்த வேர்க்கட்டியைத்தான் தோண்டியெடுத்துச் சுங்கான் செய்கிறார்கள்.

தோண்டுவது லேசான காரியமில்லை. முப்பது, நாற்பது வருஷமாவது வளர்ந்த கட்டியாக இருக்க வேண்டும். பாதையில்லாத சரிவுகளில், முட்புதருக்குள் நுழைந்து, கடப்பாரையும் கோடரியுமாக ஒருவன் அதைப் பெயர்த்துச் சுமந்து வருகிறான். வந்ததும் காய விடக் கூடாது; காய்ந்தால் வெடித்துப்போகும். ஈரச் சாக்கும் நிழலுமாகக் காப்பாற்ற வேண்டும். பிறகு அறுப்பவன் கைக்குப் போகிறது. வட்ட ரம்பம் ஒன்று சுழல்கிறது. அளவு குறித்த கோடு எதுவும் கிடையாது. கட்டியைக் கையில் பிடித்தபடியே புரட்டிப் பார்த்து, எங்கே சொத்தை, எங்கே கல், எங்கே நல்ல மரம் என்று கண்ணாலேயே தீர்மானித்து அறுக்கிறான். அவனுடைய விரலுக்கும் ரம்பத்தின் பல்லுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை நினைத்தால் நமக்கு வயிறு கலங்கும். அறுத்த துண்டுகளைக் கொப்பரையில் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்து, உள்ளே இருக்கும் கசப்புச் சாற்றை வெளியேற்றுகிறார்கள். அப்புறம் மாதக்கணக்கில், சில பட்டறைகளில் வருஷக்கணக்கில், நிழலில் உலர வேண்டும். இவ்வளவும் நடந்த பிறகுதான் சுங்கான் செய்கிறவன் அதைத் தொடுகிறான்.

இத்தனை பேருடைய உழைப்பும் ஒரே ஒரு காரியத்தை உத்தேசித்து நடப்பது. கிண்ணத்துக்குள்ளே கங்கு கனியும்போது மரம் எரியக் கூடாது. கை சுடக் கூடாது. ஈரத்தை மரம் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். புகை கசக்கக் கூடாது. அவ்வளவுதான். கண்ணாடி அலமாரியில் படுத்துக் கிடப்பதற்காக என்றால் இந்த மரத்தை ஏன் வேகவைக்க வேண்டும்? வேப்பங்கட்டையில் செய்து வார்னிஷ் அடித்தால் போதாதா?

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கோயமுத்தூர்க்காரர். நூற்பாலை யந்திரங்கள் சம்பந்தமாக மிலான் பக்கம் வருஷத்துக்கு இரண்டு தடவை போய்வந்தவர். பரம சாது, தாராளமான மனசு, அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அவர் வீட்டு ஹாலில் ஒரு தேக்கு அலமாரி நிற்கிறது. உள்ளே பச்சை வெல்வெட், சின்ன விளக்குகள், நாற்பத்திரண்டு சுங்கான்கள். ஒருநாள் அதில் ஒன்றைக் காட்டி, "இது எப்படிப் புகைக்கும்?" என்று கேட்டேன்.

அவர் பதறிப்போனார். "ஐயையோ, அதை வாயிலெ வெக்கறதாவதுங்க! இன்னும் நெருப்பே காட்டாத பீஸுங்க அது."

"நீங்கள் புகைப்பதை விட்டுவிட்டீர்களா?"

"எங்கீங்க விடறது!" என்று சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். ஆலையில் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளும் ரகம். சொத்தை இருந்த இடங்களில் மக்கு வைத்து அடைத்து, மேலே கருஞ்சிவப்புச் சாயம் பூசியது. கிண்ணத்தின் ஓரத்தில் சாயம் கொப்புளித்திருந்தது. "டெய்லி யூஸுக்கு இதுங்க" என்றார்.

இதில்தான் எனக்குத் தாங்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. ஒரு மனிதர் நாற்பத்திரண்டு உன்னதமான சுங்கான்களை வைத்துக்கொண்டு, மட்டமான ஒன்றில் தினமும் கசப்பை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். பட்டுப்புடவைகளைப் பெட்டியில் பூட்டிவிட்டுக் கந்தலோடு கல்யாணத்துக்குப் போகும் பாட்டிமார்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்காவது வறுமை அனுபவித்த ஞாபகம் ஒரு காரணம். இவருக்கு என்ன காரணம்? இவர் தனியாள் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சேகரிப்பவர்களில் பலர் இதே தினுசு. புகைப்பதற்கு ஒன்று, பார்ப்பதற்கு நூறு.

"அதெல்லாம் கலைப்பொருள், ஐயா, உபயோகப் பொருளல்ல" என்று பதில் வருகிறது. இந்தப் பதிலில் உள்ள 'அல்ல'வைத்தான் நான் மறுக்கிறேன். அந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

பிரையர் சுங்கான் முதலில் ஆலைச் சரக்குத்தான். பிரான்ஸில் ஜூரா மலைச்சாரலில் ஸான் க்ளோத் என்று ஓர் ஊர்; யாத்திரீகர்களுக்கு ஜபமாலையும் மரச் சாமான்களும் கடைந்து விற்றுவந்த ஊர். 1850களில் அங்கே பிரையர் வந்து சேர்ந்தது. ஊர் முழுக்கச் சுங்கான் கடையத் தொடங்கிற்று. லண்டனில் ஆல்ஃப்ரட் டன்ஹில் 1907-ல் கடை வைத்து, 1910-ல் தாமே செய்விக்க ஆரம்பித்தார். வாய்ப்பகுதியில் வெள்ளைப் புள்ளி வைத்த அந்தச் சுங்கான்கள் உலகெங்கும் போயின. ஆனாலும் அச்சு அச்சாக இன்னின்ன வடிவம் என்று வரையறுத்துச் செய்தவை அவை. ஒரு மனிதன் ஒரு துண்டு மரத்தைக் கையில் எடுத்து, 'நீ எந்த வடிவமாக ஆசைப்படுகிறாய்?' என்று அதைக் கேட்டுச் செய்யும் வழக்கம் உருப்பெற்றது டென்மார்க்கில். அதற்கு முக்கிய காரணம் ஒரு ஸ்வீடன்காரர்: ஸிக்ஸ்டன் ஈவார்ஸன். 1910-ல் பிறந்து 2001-ல் மறைந்தவர்.

இந்த ஈவார்ஸன் கோபன்ஹேகனில் என்னவாகத் தொழிலை ஆரம்பித்தார் தெரியுமா? சுங்கான் பழுது பார்ப்பவராக! இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். உடைந்த தண்டு, பல் பட்டுத் துளையான வாய்ப்பகுதி, அடைத்துக்கொண்ட காற்றுவழி, அடிக்கிண்ணம் எரிந்துபோன மரம் என்று ஊரார் வாயில் கிடந்து தேய்ந்தவையெல்லாம் அவர் மேஜைக்கு வந்தன. எது எங்கே தோற்றது, ஏன் தோற்றது என்று அந்தப் பிணங்களை அறுத்துப் பார்த்துத்தான் அவர் படித்தார். அவருக்குப் பின் அதே பழுதுப் பட்டறையில் உட்கார்ந்தவர் போல் ராஸ்முஸ்ஸன். அவர் 1967-ல் காலமானதும் மனைவி ஆன் ஜூலி தொழிலை எடுத்துக்கொண்டு தம் பெயராலேயே சுங்கான் செய்யலானார். டேனிஷ் கலை என்று இன்று கொண்டாடுவதன் ஊற்றுக்கண் பழுதுப் பட்டறை! ஊரார் அனைவரும் நம் நண்பரைப் போலச் சுங்கானை வெல்வெட்டில் கிடத்தியிருந்தால் ஈவார்ஸனுக்குப் பழுது பார்க்க ஒன்றும் வந்திராது; அவர் வேறு உத்தியோகம் தேடிப் போயிருப்பார்.

ஆலையில் முதலில் துளை போட்டு, அதைச் சுற்றி வடிவத்தைக் கடைவார்கள். ஈவார்ஸன் தலைகீழாக மாற்றினார். மரத்தின் ரேகை போகும் போக்கில் வெளி வடிவத்தை முதலில் தேய்த்து உருவாக்கி, அப்புறம் துளையிட்டார். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் வளைந்து நெளிந்த ஒரு வடிவத்துக்குள் இரண்டு துளைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடத்தில் துல்லியமாகச் சந்திக்க வேண்டும் என்றால் கை எவ்வளவு பழகியிருக்க வேண்டும்! இதைக் கற்றுக்கொள்ளத்தான் ஜப்பானிலிருந்து ஹிரோயுகி டோக்குடோமி போன்றவர்கள் கோபன்ஹேகனுக்குப் போனார்கள். ஈவார்ஸனின் மகன் லார்ஸ், பேத்தி நானா என்று மூன்று தலைமுறை அதே தொழிலில் இறங்கியது.

அந்தத் துளைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். என் வழக்கே அதில்தான் இருக்கிறது.

தண்டின் வழியே வரும் காற்றுத்துளை, கிண்ணத்தின் அடிமட்டத்தில் நட்ட நடுவே திறக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மேலே ஏறினால் அடியில் புகையிலை எரியாமல் ஈரக் களியாகத் தங்கும். தண்டுக்குள் நுழையும் வாய்ப்பகுதியின் கழுந்து, துளையின் முடிவுவரை போய்ப் பொருந்த வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் புகை அங்கே சுழன்று குளிர்ந்து நீராகி, இழுக்கும்போதெல்லாம் களகளவென்று சத்தம் போடும். பல்லால் கவ்வும் முனை நாலு மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே காற்றுவழி குறுகக் கூடாது. ஆகவே அது விசிறிபோல் பக்கவாட்டில் விரிய வேண்டும். நம் ஊரில் பவுண்டன் பேனா கடையும் அதே எபோனைட்டில், சின்ன அரத்தால் மணிக்கணக்கில் இதைச் செய்கிறார்கள். துடைக்கும் கம்பியை வாய்ப்பக்கமாக நுழைத்தால் தடங்கலில்லாமல் கிண்ணத்தின் அடிவரை போய்த் தலை நீட்ட வேண்டும். அது போகிறதா என்பதுதான் சோதனை.

இதில் ஒன்றாவது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறவனுக்குத் தெரியுமா? தெரியாது. நெருப்பு வைத்து, வாயில் வைத்து, அரைமணி நேரம் நிதானமாக இழுத்தவனுக்குத்தான் தெரியும். செய்தவனுடைய சாமர்த்தியத்தில் பாதிக்கு மேல் உள்ளே ஒளிந்திருக்கிறது. புகைக்காமல் சேகரிக்கிறவர் அந்தப் பாதியை வாங்கவேயில்லை; காசு மட்டும் முழுசாகக் கொடுத்திருக்கிறார்.

சரி, அவர் எதற்குக் காசு கொடுக்கிறார்? ரேகைக்கு! கிண்ணத்தின் அடியிலிருந்து விளிம்புவரை இழை இழையாக நேர்க்கோடுகள் சுற்றிலும் ஏறி நிற்க வேண்டும். உச்சியில் புள்ளிப் புள்ளியாக 'பறவைக் கண்' தெரிய வேண்டும். மரு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்படியொரு துண்டு கிடைப்பது அபூர்வம்தான். பார்க்க அழகுதான்; நானும் கண் படைத்தவன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோடு நேராக இருப்பதால் புகை ருசிக்காது. அதே பட்டறையில், அதே கை, அதே துரப்பணத்தால் செய்த இன்னொரு சுங்கானில், முடிக்கும் சமயத்தில் மணலளவு ஒரு சொத்தை தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணல் வீசிப் பீய்ச்சி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். டன்ஹில் கம்பெனி 1917-லேயே காப்புரிமை வாங்கிய முறை இது. மென்மையான இடங்கள் அரித்துப்போய், பாறை மடிப்பு மாதிரி அழகாக இருக்கும். உள்ளே வேலைப்பாட்டில் எள்ளளவும் குறைவில்லை. ஆனால் விலையோ வெகுவாக இறங்கிவிடும். ஆக, விலை ஏறுவதும் இறங்குவதும் எதனால்? மண்ணுக்குள்ளே அந்த வேர் எப்படி வளர்ந்தது என்ற அதிர்ஷ்டத்தால்! கலைஞனைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு சீட்டு விழுந்ததற்குப் பரிசு கொடுக்கிறார்கள்.

இதனால் செய்கிறவர்கள் கெட்டுப்போக மாட்டார்களா? கெட்டுப்போன காலம் ஒன்று இருந்ததே! 1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் டேனிஷ் 'ஃப்ரீஹேண்ட்' மோகம் பிடித்து ஆட்டியது. மரப்பட்டையின் கரடுமுரடை உச்சியில் அப்படியே விட்டு, மலைப்பாறை போலவும் கொம்பு போலவும் வடிவங்கள் கிளம்பின. சில உண்மையிலேயே அழகு. பலவற்றைப் பல்லில் கவ்வினால் தாடை வலிக்கும். கையில் பிடித்தால் எங்கே பிடிப்பதென்று தெரியாது. கண்ணுக்காக வாங்குகிறவன் இருக்கும்போது வாய்க்காக எவன் செய்வான்?

சேகரிப்பவர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாட எனக்கு இஷ்டமில்லை. "உலகத்தில் சுங்கான் பிடிப்பவர்களே குறைந்துபோய்விட்டார்கள். நாங்கள் ஆயிரம், இரண்டாயிரம், அதற்கு மேலும் டாலர் கொடுத்து வாங்கவில்லையென்றால் இந்தக் கைத்தொழில் என்றோ செத்திருக்கும்" என்கிறார்கள். வாஸ்தவம். ஒருவர் வருஷமெல்லாம் உட்கார்ந்து செய்தாலும் எண்ணிக்கை கொஞ்சம்தான். பல துண்டுகள் பாதி வேலையில் சொத்தை காட்டி அடுப்புக்குப் போகும். அவர் குடும்பம் நடத்த வேண்டாமா? ஸ்வீடனில் போ நூர்த் என்று ஒரு மேதை இருந்தார், விபத்தில் கால்கள் விழுந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்தார், 2006-ல் காலமானார். அவர் செய்ததற்குப் பெரும் விலை கொடுத்தவர்களை நான் எதற்காகக் குறை சொல்லப்போகிறேன்? கொடுக்கட்டும், இன்னும் கொடுக்கட்டும். நான் கேட்பது வேறு. வாங்கின பிறகு ஏன் ஐயா பூட்டுகிறீர்கள்? புகைத்தால் செய்தவருக்கு வந்த பணம் திரும்பிப் போய்விடுமா? போகாது. குறையப்போவது பின்னால் நீங்கள் விற்கும்போது உங்களுக்கு வரும் லாபம்! அப்படியானால் காப்பாற்றப்படுவது கலையல்ல, முதலீடு. அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எனக்கு ஆட்சேபம் பாதியாகக் குறைந்துவிடும். நிலம் வாங்குகிறார்கள், தங்கம் வாங்குகிறார்கள், அதுபோல் இதுவும் என்று பேசாமல் இருந்துவிடுவேன். லாபக் கணக்கைக் கலைப் பிரேமை என்று அழைக்கும்போதுதான் எழுதத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் சில வாசகர்கள் எழுந்து நிற்பது எனக்குத் தெரிகிறது. "புகைபிடிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்கிறீரே, இது தர்மமா?" இல்லை, நான் அவ்விதம் சொல்லவில்லை. புகையிலை விஷம். சுங்கான் பிடிப்பதற்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் சம்பந்தம் உண்டென்று அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி 1964-லேயே அறிக்கை வெளியிட்டாகிவிட்டது. சிகரெட்டைப்போல் இல்லை, இது சாதுவானது என்று சொல்லித் திரிந்தவர்களின் வாயை அதுவே அடைத்திருக்க வேண்டும். என் டாக்டர் சொல்லி நானும் விட்டு ஒன்பது வருஷமாகிறது. உடம்புக்காகப் புகைப்பதை விட்டவர், பழைய நண்பனின் போட்டோவைப் போலத் தம் சுங்கான்களை எடுத்து எடுத்துப் பார்த்தால் அதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. ஆனால் நம் கோயமுத்தூர் நண்பரோ தினமும் ஆறு தடவை பற்ற வைக்கிறார்! விஷம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. நல்ல மரத்தின் வழியாகப் போகவில்லை, அவ்வளவுதான். ஆரோக்கியம் என்ற கேடயம் அவருக்கு உதவாது.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. இறந்துபோனவர்களின் சுங்கான்கள் கைமாறி விற்பனைக்கு வரும். 'எஸ்டேட் பைப்' என்று அவற்றுக்குப் பெயர். தேயிலை எஸ்டேட் என்று எண்ணிவிட வேண்டாம். செத்தவன் விட்டுப்போன சொத்து என்று அர்த்தம். இவை வந்ததும் வியாபாரிகள் என்ன செய்கிறார்கள்? கிண்ணத்துக்குள் காசு கனத்துக்குப் படிந்திருக்கும் கரியைச் சுரண்டி எடுக்கிறார்கள். வருஷக்கணக்கில் ஒருவன் நிதானமாகப் புகைத்துப் புகைத்து, மரம் எரியாமலிருக்கத் தானே போட்டுவைத்த உள்பூச்சு அது! விளிம்பில் கறுத்த இடத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்து வெளுக்கிறார்கள். வெயிலிலும் வெளிச்சத்திலும் பழுப்பேறிய எபோனைட்டைக் கறுப்பாக்கி மெருகிடுகிறார்கள். சுத்தம் செய்வதை யாரும் குறைகூற முடியாது. இன்னொருவர் எச்சிலை யார் வாயில் வைப்பார்கள்? ஆனால் கழுவுவது வேறு. இவன் இருந்தான் என்ற தடயத்தையே அழித்து, கூடியமட்டும் 'புகைக்கப்படாதது' போல் ஆக்குவது வேறு. வியாபாரியின் லட்சியம் இரண்டாவது.

பதினைந்து வருஷங்களுக்கு முன் என் நண்பர் மிலானிலிருந்து அப்படியொரு சுங்கான் வாங்கி வந்தார். காந்தூ என்ற ஊரில் 1947-ல் ஆரம்பித்த ஒரு பட்டறையின் சரக்கு. கடையின் மங்கல் விளக்கில் சரியாகப் பார்க்கவில்லையாம். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான், வாய்ப்பகுதியில் பழைய சொந்தக்காரரின் பல் பதிந்து குழி விழுந்திருந்தது தெரிந்தது. தேய்த்தால் போகாத ஆழம்.

"இதுக்கு மார்க்கெட் கெடையாதுங்க. நீங்க வெச்சுக்குங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஆறு வருஷம் அதில் புகைத்தேன். இரண்டு நாவல்கள் எழுதி முடித்தது அதை வைத்துக்கொண்டுதான். அந்த இத்தாலியர் யாரோ, என்ன தொழில் செய்தாரோ, சுங்கானை இடது பக்கமாகக் கவ்வுகிறவர். நானும் இடது பக்கம்தான். முதல் நாள் வாயில் வைத்தபோது என் பல் நேராகப் போய் அந்தக் குழியிலேயே உட்கார்ந்தது.